டமாஸ்கஸ் எஃகு: மண் மூசையிலிருந்து லேசர் ஒளி வரை

தமிழ்ச் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் ஒலிக்கும் பெருமைகளுள் ஒன்று உண்டு. சிலுவைப் போர்களில் ஐரோப்பியரைக் கலங்கடித்த டமாஸ்கஸ் வாள் தமிழ்நாட்டு எஃகால் ஆனது என்பதே அது. கைத்தட்டலும் கிடைக்கும், அத்துடன் பேச்சாளர் கல்லணைக்குப் போய்விடுவார். அப்பெருமையில் உண்மை எத்துணை, மிகை எத்துணை என்பதையும், அந்த வாளின் பெயர் 2020-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களில் மறுபடியும் எழுந்தது ஏன் என்பதையும் இம்மலரில் ஒருவாறு எடுத்துரைக்க விழைகிறோம்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டும் குமாஸ்தாவுக்கு உலோக நூல் எதற்கு என்று நண்பர்கள் நகைக்கலாம். நம் காலனியில் எல்லோருமே இரும்பை நம்பித்தானே உண்கிறோம்! மார்கழி, தை மாதக் குளிரில் இவ்வடநாட்டில் தண்டவாளம் சுருங்கும். சுருங்கும்போது உள்ளே மயிரிழை அளவு பிளவு ஒன்று ஒளிந்திருக்குமாயின் அவ்விடத்தே முறியும். அதனாலன்றோ குளிர்கால இரவுகளில் நம் சகோதரர்கள் கையில் விளக்கேந்திப் பாதையில் ரோந்து போகின்றனர்! அம்முறிவுகளைப் பற்றிய கடிதங்கள் நம் மேசையைக் கடந்தே மேலே செல்லும். அவற்றுட் பெரும்பாலானவை ஒரே செய்தியைத்தான் சொல்லும்: வெளியே பழுது ஏதும் தெரியவில்லை, பழுது உள்ளே இருந்தது. அந்த 'உள்ளே' என்பதன் வரலாறே இக்கட்டுரை.

தமிழில் உருக்கு என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு என்றும் வழங்கும் பொருளையே ஆங்கிலேயர் 'ஊட்ஸ்' என்று எழுதினர். உக்கு என்னும் சொல் அவர்கள் நாவிலோ பேனாவிலோ சிதைந்து அவ்வாறாயிற்று என்பர். சேலம் பக்கத்து இரும்பை நன்கறிந்தவரும், பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்தியவருமான ஹீத் என்னும் ஆங்கிலேயர் அதன் செய்முறையை விவரித்திருக்கிறார். உமி கலந்த களிமண்ணால் மூசை செய்வார்கள். தட்டார் பட்டறையில் குகை என்பார்களே, அதுதான். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி அதனுள் இட்டு, காய்ந்த ஆவாரங் கட்டைச் சிதர்களைச் சேர்த்து, மேலே எருக்கிலையைப் பரப்பி, மண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். இத்தகைய மூசைகள் இருபதுக்குக் குறையாமல் ஒரு சிற்றுலையில் அடுக்கி, கரியிட்டு, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். பின்னர் ஆறவிட்டு மூசையை உடைத்தால், அடியில் ஓர் எஃகுக் கட்டி உறைந்திருக்கும்.

ஆவாரையும் எருக்கும் மருந்துக்காக இட்டவையல்ல. மூடிய மூசைக்குள் அவை கரியாகி, அக்கரி இரும்பினுள் புகுகிறது. தூய இரும்பு உருக 1538 டிகிரி வெப்பம் வேண்டும். அதனை மண் உலையில் எட்டுதல் அரிது. கரி புகப் புக இரும்பு உருகும் சூடு தாழ்ந்துகொண்டே வரும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி ஏறினால் போதும், துருத்திக் காற்றே எஃகை நீராக்கிவிடும். ஷெஃபீல்டில் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசையில் எஃகை உருக்கியது 1740-களிலேதான். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தோர் அதனினும் பன்னூறு ஆண்டு முந்திய உருக்கு வேலையின் எச்சங்களைக் கண்டுள்ளனர்.

இத்துணையும் நாம் பெருமிதம் கொள்ளத் தக்கதே. ஆயினும் இந்த எஃகு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மைசூர்ப் பகுதியிலும் இலங்கையிலும் இத்தகைய எஃகு செய்தார்கள். தெலுங்கானாவில் கோனசமுத்திரம் என்னும் ஊருக்குப் பாரசீக வணிகர்களே நேரில் வந்து கட்டிகளை வாங்கிச் சென்றனர். அக்கட்டியை வாளாக அடித்த கைகளோ பெரும்பாலும் பாரசீகத்துக் கொல்லர்களுடையவை. ஊட்ஸ் கட்டியை அளவு கடந்து காய்ச்சினால் சம்மட்டி பட்டதும் நொறுங்கும். இளஞ்சூட்டில் பொறுமையாக அடித்தாலே நீளும். அப்பொறுமை அவர்கள் செல்வம். சிலுவைப் போர்க் கதைகளையும் உப்பிட்டே உண்ண வேண்டும். வால்டர் ஸ்காட் என்னும் நாவலாசிரியர் 1825-இல் சுல்தான் சலாதீன் பட்டுத் திண்டை வாளால் துண்டாக்குவதாக எழுதிய காட்சி அக்கதைகள் பரவியதற்கு ஒரு காரணம்.

இன்னுமொரு வேற்றுமையும் உண்டு. 'டமாஸ்கஸ் எஃகு' என்னும் ஒரே பெயரில் இரு பொருள்கள் நடமாடுகின்றன. ஒன்று, மேலே சொன்ன ஊட்ஸ் கட்டியிலிருந்து அடித்தது; அதன் மேனியில் ஓடும் நீர்த்திரை போன்ற வரிகள் எஃகு மெல்ல ஆறி உறையும்போதே வித்திடப்பட்டவை. மற்றொன்று, கடினமான எஃகையும் மென்மையான இரும்பையும் மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி, மடித்து மடித்து அடித்து ஒட்டியது. கடினம் கூர்மைக்கு; மென்மை முறியாமைக்கு. கடினமானது எளிதில் நொறுங்கும், வளைவது எளிதில் மழுங்கும் என்பது எல்லாக் கொல்லரும் அறிந்த சங்கடம். இரண்டையும் ஓருடம்பில் சேர்க்கவே இவ்வளவு பாடும். இந்த இரண்டாம் வகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஐரோப்பிய விஞ்ஞானிகளை ஊட்ஸ் படுத்திய பாடு தனிக் கதை. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிய ஆராய்ச்சியைப் படித்தார். கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் புகழ் பெறுமுன், 1819 முதல் ஊட்ஸைச் சோதித்தார். அதன் மேன்மைக்கு அலுமினியக் கலப்பே காரணம் என அவர் ஐயுற்றது சரியன்று. ஆனால் அந்த ஐயத்தைத் தொடர்ந்து ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்வோருடன் கூடி, எஃகில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எனப் பலவற்றை இட்டுக் கலந்து பார்த்தார். கலப்பு எஃகு என்னும் துறைக்கு அது ஒரு கால்கோள். காரணம் கரியே என்பதைப் பாரிஸ் நாணயச் சாலையைச் சேர்ந்த பிரேயான் 1820-களில் நிலைநாட்டினார். அதுவும் முழு விடையன்று. இரும்புக் கனியில் இயல்பாகவே கலந்திருந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்றவையே அக்கரியை வரிவரியாக அணிவகுக்கச் செய்தன என்று அமெரிக்கரான வெர்ஹோவனும் பென்ட்ரேயும் காட்டியது 1990-களிலேதான். குறிப்பிட்ட சுரங்கங்களின் கனி தீர்ந்ததும் கைமுறையும் மறைந்ததன் மர்மம் இதனால் ஓரளவு விளங்குகிறது.

இதற்கிடையே ரயில் வந்துவிட்டது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு ஒன்று முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முறிந்த அச்சுகளின் முகம் பளபளவென்று மணிமணியாகத் தோன்றக் கண்ட அக்காலத்தார், ஓட்டத்தின் அதிர்ச்சியால் நாராக இருந்த இரும்பு பளிங்காக மாறிவிட்டதென்று கருதினர். அது பிழை. இரும்பு தொடக்கம் முதலே மணிமணியாகத்தான் இருக்கிறது, மாறுவதில்லை. சிறு சுமையாயினும் மீண்டும் மீண்டும் வந்தால், ஏதோ ஓரிடத்துப் பழுதிலிருந்து பிளவு தோன்றி நாளும் சிறிது வளர்கிறது. பிரஷ்ய ரயில்வே எஞ்சினியரான வோலர் 1850-களிலிருந்து பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறித்து, 1870-க்குள் இவ்வுலோகக் களைப்பின் விதிகளை வகுத்தார். ரயில்வேக்காரர் உலகுக்கு அளித்த கொடைகளுள் இதனை நாம் முன்வரிசையில் வைப்போம்.

உள்ளே பார்க்கும் கண்ணைத் தந்தவர் ஷெஃபீல்ட் நகரத்து ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. கற்களை ஆராய்ந்துகொண்டிருந்த இவர், 1863-64-இல் எஃகுத் துண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, இலேசாக அமிலத்தால் அரித்து, மைக்ராஸ்கோப்பில் நோக்கினார். திண்ணிய ஒரே பொருள் என நினைத்தது, ஒன்றோடொன்று நெருங்கிய மணிகளின் கூட்டமாகக் காட்சியளித்தது. சிலவற்றுள் முத்துச் சிப்பிபோல் மின்னும் மெல்லிய அடுக்குகளும் இருந்தன.

அந்த மணிகளின் இரகசியத்தை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். சர்க்கரைப் பாகை நாட்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்தால் பெரிய பெரிய கற்கண்டாகும். அதே பாகைக் கிளறிக் கிளறி விரைந்து ஆற்றினால் பொடிப் பொடியாய்ப் பூத்துவிடும். பொருள் ஒன்றே; ஆறிய விதமே வேறு. உலோகமும் அப்படியே. மெல்ல ஆறினால் பெருமணி. விரைந்து ஆறினால் சிறுமணி. மணி சிறுத்தால் வலிமை மிகும் என்பதை ஹால் (1951), பெட்ச் (1953) ஆகிய இருவரும் கணக்காகவே எழுதினர். காரணமும் விளங்கியிருந்தது. உலோகம் வளையும்போது அணுக்களின் வரிசை முழுதும் ஒருங்கே நகர்வதில்லை. பெரிய ஜமக்காளத்தை இழுப்பதைவிட, அதில் ஒரு சுருக்கம் உண்டாக்கி அச்சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டு போவது எளிதல்லவா? அணு வரிசையிலும் அத்தகைய சுருக்கங்களே ஓடுகின்றன என்று 1934-இல் டெய்லர், ஒரோவான், போலானி மூவரும் தனித்தனியே உரைத்தனர். மணியின் எல்லை அச்சுருக்கத்தைத் தடுக்கும் சுவர். மணி சிறிதானால் சுவர் அதிகம். எனவே வலிமையும் அதிகம்.

இனி லேசருக்கு வருவோம். 'த்ரீ-டி பிரிண்டிங்' என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் முறை, பொருளைச் செதுக்காமலும் அச்சில் வார்க்காமலும், படலம் படலமாக வளர்த்துச் செய்வது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கார்ல் டெக்கார்ட் 1980-களில் பொடியை லேசரால் ஒட்டவைத்துக் காட்டினார். உலோகப் பொடியை முழுவதுமே உருக்கிப் பொருளாக்கும் முறை 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் நிலையத்தில் உருவாயிற்று. கோலப் பொடியினும் மிக நுண்ணிய உலோகப் பொடியை ஒரு தட்டின்மேல் மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று, நான்கு பங்கு கனத்துக்குப் பரப்புகிறார்கள். லேசர்க் கதிர் அதன்மேல் கோலம் போடுகிறது. கதிர் பட்ட கோடு மட்டும் உருகி உறைகிறது. மறுபடி பொடி, மறுபடி கோலம். இவ்வாறு ஆயிரக்கணக்கான படலம். மற்றொரு முறையில் பொடியைக் குழல் வழியே ஊதிக்கொண்டே கதிரைச் செலுத்துகிறார்கள்; நம் கடைத்தெருவில் ஜிலேபி பிழிவதைப் போல் உருகிய உலோகம் கோடாக விழுந்து ஏறுகிறது.

வெறும் வடிவம் செய்வதற்கு மட்டும் இது பயன்படுமாயின் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். அந்தச் சிறு உருகற் குட்டையின் சூடு வினாடிக்கு இலட்சம், பத்து இலட்சம் டிகிரி என்னும் வேகத்தில் தணிகிறது. நம் சேலத்து மூசை மெல்ல ஆறியதை இதனோடு வைத்து எண்ணிப் பாருங்கள்! இவ்வேகத்தில் மணிகளுக்குள்ளேயும் தேனடைபோல் மிக நுண்ணிய அறைகள் பிறக்கின்றன. 2017-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தார் இம்முறையில் செய்த துருப்பிடிக்காத எஃகு, வழக்கமான அதே எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு உறுதியாயிருந்தும், நொறுங்காமல் இழுபட்டது. உறுதியும் இழுவையும் ஒன்றுக்கொன்று பகை என்னும் கொல்லனின் பழைய சங்கடம் சற்றே விட்டுக்கொடுத்தது எனலாம்.

ஆனால் புகழ்வோர் சொல்லாமல் விடும் பக்கமும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் படலங்களில் மணிகள் மேல்நோக்கித் தூண்தூணாக வளர முனையும். ஆகவே குறுக்கே இழுத்தால் ஒரு வலிமை, நெடுக்கே இழுத்தால் வேறு வலிமை. ஓரிடத்தில் கதிரின் சூடு போதாமற் போனால் இரு படலங்களுக்கிடையே உருகாத பொடி தங்கிவிடும். சூடு மிகுந்தால் ஆவி குமிழியாக அடைபடும். விமானம் செய்ய உதவும் உயர்ந்த அலுமினியக் கலவைகள் உறையும்போதே விரிசல் கண்டன. 2017-இல் கலிஃபோர்னியாவின் ஹெச்.ஆர்.எல். ஆய்வகத்தார் பொடியின்மேல் சிர்கோனிய நுண்துகள் பூசி, மணிகள் சிறுசிறிதாக உறையச் செய்தே அவ்விரிசலை நிறுத்த முடிந்தது. பாகில் சிறு சர்க்கரை தூவிப் பூக்க வைக்கும் கைப்பக்குவம்தான் இதுவும். ஒரே இழுப்பில் இழுத்துப் பார்க்கும் சோதனையில் சிறு குமிழி பெரிதாகத் தெரியாது. வோலரின் சக்கரத்தில் இலட்சம் முறை சுழற்றினால்தான் அது தன் குணத்தைக் காட்டும். ரயில்வேயில் இருப்போர் இதனை எளிதில் உணர்வர்.

இப்போது அந்த 2020-ஆம் ஆண்டுச் செய்தி. டுஸ்ஸல்டார்ஃப் நகரத்து மாக்ஸ் பிளாங்க் இரும்பு ஆராய்ச்சி நிலையத்தாரும், முன் சொன்ன ஆகன் நிலையத்தாரும், நூற்றுக்குப் 19 பங்கு நிக்கலும் 5 பங்கு டைட்டேனியமும் சேர்ந்த இரும்புக் கலவையை எடுத்துக்கொண்டனர். குழலால் ஊதிச் செய்யும் இரண்டாம் முறையே அவர்கள் கையாண்டது. நிறுத்தாமல் படலம் ஏற்றினால் பொருள் முழுவதும் சூடாகவே இருந்து மென்மையாக முடிகிறது. இடையிடையே லேசரை நிறுத்தி, சூட்டை 195 டிகிரிக்குக் கீழே இறங்கவிட்டால், அதுவரை இட்ட படலங்களின் அணுக்கட்டு மார்ட்டென்சைட் என்னும் வேறோர் அமைப்புக்கு மாறுகிறது. கொல்லன் நீரில் தோய்க்கும்போது அரிவாளில் உண்டாவதும் மார்ட்டென்சைட்டே. மீண்டும் லேசரை இயக்க, மேலே விழும் புதுப் படலங்களின் சூடு அம்மாறிய படலங்களை மறுபடி காய்ச்சி, அவற்றுள் நிக்கலும் டைட்டேனியமும் சேர்ந்த மிக நுண்ணிய துகள்களை விளைவிக்கிறது. ஜமக்காளச் சுருக்கத்துக்கு அத்துகள்கள் முட்டுக்கட்டை. எனவே அப்படலங்கள் கடினமாகின்றன. நிறுத்தி ஏற்றினால் கடினம், நிறுத்தாமல் ஏற்றினால் மென்மை. ஒரே பொடி, ஒரே இயந்திரம். இடைவெளி ஒன்றே வேறுபாடு. தாளத்தில் விடும் காலத்தைப் போல, லேசர் சும்மா இருந்த நேரமே எஃகில் வரியாக விழுந்தது.

வெட்டி மெருகேற்றி அரித்தபோது கருப்பும் வெளுப்புமாக அடுக்கடுக்கான வரிகள் தெரிந்தன. அதனாலேயே அவர்கள் அதற்கு டமாஸ்கஸ் எஃகு என்று பெயரிட்டனர். அது ஓடி வந்த சதுர மில்லிமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 130 கிலோ பாரம் வரை இழுவை தாங்கியது. முறியுமுன் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீளவும் செய்தது. நம் பாதையில் கிடக்கும் '90 யு.டி.எஸ்.' தண்டவாளத்தை அறிந்தவர்கள் இவ்வெண்ணின் உயரத்தைத் தாமே கண்டுகொள்வர். அந்த 90 என்பதும் சதுர மில்லிமீட்டருக்குக் கிலோ கணக்குத்தான். ஆயினும் இது நம் ஊட்ஸின் மறுபிறவி என்று அடுத்த ஆண்டு விழாவில் எவரும் முழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இதில் ஊட்ஸுக்கு உயிரான கரிக்கு வேலையே இல்லை. உறவு உண்டென்றால், அது கடினத்தையும் மென்மையையும் அடுக்கி அடித்த அந்த இரண்டாம் வகைக் கொல்லர்களோடுதான். அவர்கள் இரு உலோகங்களை வைத்துச் செய்ததை இவர்கள் ஒரே உலோகத்தில் நேரத்தை வைத்துச் செய்தார்கள்.

தமிழ் மண்ணோடு உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் வேறிடத்தில் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமை மகேந்திரகிரியில், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான எஞ்சின் ஒன்றை இஸ்ரோ 665 வினாடி எரித்துச் சோதித்தது. அவ்வெஞ்சின் உலோகப் பொடியிலிருந்து லேசரால் ஆக்கப்பட்டது. முன்பு 14 உறுப்புகளாகச் செய்து இணைத்தது ஒரே உறுப்பாயிற்று; 19 பற்றவைப்புகள் இல்லாமற் போயின; ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் எடுத்துக் கடைந்த இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமாயிற்று. அதே மாதம் 30-ஆம் நாள், சென்னையில் பிறந்த அக்னிகுல் நிறுவனத்தார் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினைப் பூட்டி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தம் சிறு ராக்கெட்டை ஏவினர். பற்றவைப்பு ஒன்று குறைந்தாலே நெஞ்சில் பாதிச் சுமை இறங்கும் என்பதை, தண்டவாளப் பற்றவைப்புகளைக் காத்துவரும் நம் காலனி நண்பர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வார்ப்பாலையில் ஒரு கொப்பரை உருக்கைச் சோதித்தால் அதிலிருந்து வந்த அத்தனை பொருளுக்கும் அச்சோதனை செல்லும். லேசர் முறையில் பொருளும் உருவமும் ஒரே வேளையில் பிறப்பதால், ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி வார்ப்பு; ஒன்றின் நற்சான்று மற்றொன்றுக்குச் செல்லாது. ஆகையால் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் உறுப்பு செய்வோர் அதை எக்ஸ்-கதிரால் உள்ளும் புறமும் படமெடுக்கின்றனர். சிலவற்றை ஆயிரம் வளிமண்டல அழுத்தத்தில் சூடேற்றி, உள்ளே தங்கிய குமிழிகளை நசுக்கி மூடுகின்றனர். அன்றியும், உறுப்பு வளரும் அதே தட்டில், அதே பொடியில், அதே கதிரால் அதன் பக்கத்திலேயே சில சிறு தண்டுகளையும் சாட்சிபோல் உடன் வளர்க்கின்றனர். வேலை முடிந்ததும் முதலில் அத்தண்டுகளை இழுத்து முறித்து, முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுப்பை எஞ்சினில் பொருத்த அனுமதிக்கின்றனர்.